வழிகாட்டியை நாமே வெளியிட வேண்டும்: பாறையேற்றக் குழுவின் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பாறையேற்றக் குழுவின் பொறுப்பாளர்களுக்கும் சக உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கடந்த கூட்டத்தில் நிறைவேறிய தீர்மானம் குறித்து இந்த மடலை எழுதுகிறேன். நம் பாறையின் இருப்பிடம், அங்குள்ள ஏறுதடங்களின் வரைபடம், அவற்றின் கடினத் தரம், அங்கே எடுத்த படங்கள் ஆகிய எதையும் உறுப்பினர் எவரும் வெளியில் பகிரக் கூடாது என்றும், ஏற்கெனவே பகிர்ந்தவர்கள் அவற்றை நீக்கும்வரை குழுவின் கயிறுகளையும் பிற கருவிகளையும் அவர்களுக்குத் தரக் கூடாது என்றும் அத்தீர்மானம் சொல்கிறது. நான் எதிர்த்து வாக்களித்தேன். பேச எழுந்தபோது நேரம் முடிந்துவிட்டது என்றார்கள். ஆகவே அன்று சொல்ல இயலாததை இங்கே எழுதுகிறேன். குழுவுக்குள் மட்டும் சுற்றுக்கு விடாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம், இத்தீர்மானத்தின் விளைவைச் சுமக்கப் போகிறவர்களில் பலர் நம் குழுவிலேயே இல்லை என்பதுதான்.

தீர்மானத்தைக் கொண்டுவந்தவர்களின் அச்சம் வீணானது என்று நான் சொல்லமாட்டேன். சில பருவங்களுக்குள் பாறையின் அடிவாரம் எப்படி மாறிவிட்டது என்பதை அங்கே போய்வரும் எவரும் பார்க்கலாம். இடப்பக்கச் சுவரின் கீழே, கயிறு பிடிப்பவர் நிற்கும் இடத்தில், மண் அரித்துப்போய் மரத்தின் பக்கவேர்கள் வெளியே தெரிகின்றன. மேலே ஏறுபவரை அண்ணாந்து பார்த்தபடி நிற்பவர்கள் அந்த வேர்களின்மேல்தான் காலை மாற்றி மாற்றி ஊன்றுகிறார்கள், அவற்றின் பட்டை தேய்ந்து வழுவழுப்பாகிவிட்டது. கவிந்த பாறையின் அடியில், மழை படாத இடங்களில், கைப்பிடிகளை அடையாளம் காட்ட, கை வழுக்காமல் இருக்கப் பூசும் சாக் கட்டியால் இழுத்த கோடுகள் அழியாமல் கிடக்கின்றன. உச்சியில் சொந்தக் கராபினர்களை (திறந்து மூடும் உலோகக் கொக்கிகளை) மாட்டி அவற்றின் வழியே கயிற்றை விடாமல், நிலையாகப் பதித்த வளையத்திலேயே கயிற்றை ஓட்டி நாள் முழுவதும் ஆள் மாற்றி ஆள் ஏறி இறங்குவதால், மணல் ஏறிய கயிறு உலோகத்தை அறுத்து, ஒரு வளையத்தில் விரல்நகம் பதியும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருக்கிறது. ஆள் கூடியதன் விளைவுகள்தாம் இவை, மறுப்பதற்கில்லை.

ஆனாலும் இவற்றில் ஒன்றுகூட, பாறை எங்கே இருக்கிறது என்று பலருக்குத் தெரிந்துவிட்டதால் மட்டும் நேரவில்லை. வந்தவர்களுக்கு அங்கே எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்ல ஆளோ எழுத்தோ இல்லாததால் நேர்ந்தவை. இருப்பிடம் ஏற்கெனவே வெளியே போய்விட்டது. அதை யாராலும் திரும்பப் பெற முடியாது. இனி நம் கையில் மிஞ்சியிருப்பது, அந்த இருப்பிடத்தோடு நம் நிபந்தனைகளும் சேர்ந்து போகின்றனவா என்பது ஒன்றுதான். தீர்மானம் அந்த ஒன்றையும் நம்மை விட்டுவிடச் சொல்கிறது.

நிலத்துக்காரருடன் ஏற்பட்ட தகராறையே எடுத்துக்கொள்வோம். பாறைக்குப் போகும் பாதை அவருடைய விளைநிலத்தின் ஓரமாக, வரப்பை ஒட்டி வளைந்து செல்கிறது. நமக்கு அது தெரியும். நமக்கு முன்னால் ஏறியவர்கள் கையைப் பிடித்து அழைத்துப்போய்க் காட்டியதால் தெரியும். கைபேசியில் இருப்பிடக் குறியை மட்டும் வைத்துக்கொண்டு வருபவருக்கு அது தெரியாது. குறி பாறையின்மேல் இருக்கிறது, வண்டி நிற்பது சாலையில்; இரண்டுக்கும் இடையே நேர்கோடு போட்டால் அது விளைநிலத்தின் நடுவே போகிறது. ஒருவர் நடந்த தடத்தை அடுத்தவர் பாதை என்று நினைத்து நடந்தார், பயிருக்குள் ஒரு வழி உருவாகிவிட்டது. வண்டிகளை அவருடைய வாயிற்கதவை மறித்து நிறுத்தியதும் இதே காரணத்தால்தான்: எங்கே நிறுத்தலாம் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. நிலத்துக்காரர் கோபத்தில் கேட்ட முதல் கேள்வி, "உங்களில் யாரிடம் பேசுவது?" என்பது. அந்தக் கேள்விக்கு இன்றுவரை நம்மிடம் பதில் இல்லை. மௌனம் காப்பதென்று முடிவெடுத்த குழு, அவரிடமும் மௌனமாகவே இருந்துவிட்டது.

பாறையின் விவரங்களை வெளியிடுவது ஒரு விளம்பர வேலை, விதிகளைக் காப்பது அதற்கு எதிரான வேலை என்ற எண்ணம் நம் விவாதம் முழுவதிலும் ஊடாடுகிறது. பாறையேற்றத்தின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் எல்பே மணற்கல் பாறைகள் உள்ளன. அங்கே உலோகத்தால் ஆன ஆப்புகளையும் விரியும் கருவிகளையும் பாறை வெடிப்புகளில் செருகக் கூடாது, முடிச்சிட்ட நாடாக்களும் கயிறுகளும் மட்டுமே செருகலாம்; சாக் பொடி கூடாது; பாறை ஈரமாக இருந்தால் ஏறவே கூடாது, ஏனென்றால் நனைந்த மணற்கல் வலுவிழந்து பிடிகள் உடைந்து போகும். உலகிலேயே மிகக் கடுமையான கட்டுப்பாடுகளில் ஒன்று அது. அக்கட்டுப்பாட்டின் வேர், ருடால்ஃப் ஃபெர்மன் என்ற பாறையேறி 1913இல் வெளியிட்ட ஏற்ற வழிகாட்டியில் இருக்கிறது. எந்தப் பாறைக் கோபுரத்தில் எந்தத் தடம் என்று சொன்ன அதே புத்தகம்தான், எப்படி ஏறக் கூடாது என்பதையும் சொன்னது. தடத்தைத் தேடிப் புத்தகத்தைத் திறந்தவர் விதியைப் படிக்காமல் போக முடியவில்லை. நூறாண்டுக்கும் மேலாக அந்த விதிகளின் சாரம் நிற்கிறது.

கூட்டத்தில் ஆஸ்திரேலியாவின் காரிவெர்ட் மலைத்தொடரை உதாரணம் காட்டினார்கள். கிராம்பியன்ஸ் என்றும் அழைக்கப்படும் அந்தத் தேசியப் பூங்காவில், பழங்குடி மக்களின் பாறை ஓவியங்களையும் தொன்மைத் தடயங்களையும் காக்கவேண்டி 2019இல் பெரும்பரப்பில் பாறையேற்றம் தடை செய்யப்பட்டது உண்மை. "பாறைகள் பிரபலமானதால் வந்த வினை" என்று அதற்குப் பொருள் சொன்னார்கள். எனக்கு அது வேறு விதமாகப் படுகிறது. எந்தப் பாறையில் யாருக்கு எது புனிதம் என்பதை அந்த நிலத்துக்கு உரியவர்களிடம் முதலிலேயே கேட்டு, ஏறுவோர் கையில் இருக்கும் வரைபடத்திலேயே அதைக் குறித்திருந்தால், பேச்சு தடையிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது. டெக்சஸ் மாநிலத்தின் ஹுவேகோ டேங்க்ஸ் பூங்காவும் பாறை ஓவியங்களுக்குப் பேர்போனது, கயிறில்லாமல் தாழ்வான பாறைகளில் ஏறும் போல்டரிங்குக்கும் பேர்போனது. 1998 முதல் அங்கே நுழைவு கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. வழிகாட்டியில்லாமல் போகக்கூடிய வடக்கு மலைப் பகுதிக்கு ஒரே நேரத்தில் 70 பேர் மட்டும். மற்ற பகுதிகளுக்கு வழிகாட்டி ஒருவருடன்தான் போகலாம். முன்பின் அறியாதவர் உள்ளே போவதற்கு முன்னால் விளக்கப் படம் ஒன்றைப் பார்த்தாக வேண்டும். அந்த இடத்தின் பெயர் தெரியாத பாறையேறி உலகில் அநேகமாக இல்லை. அந்த ஓவியங்களைக் காப்பது மறைவு அல்ல, எண்ணிக்கைக் கட்டுப்பாடும் அந்த விளக்கப் படமும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சிலருக்கு இது கசக்கும். "வெளியில் சொல்லாதே" என்ற விதி எல்லோரையும் ஒன்றுபோல் கட்டுப்படுத்துவதில்லை. பழைய உறுப்பினர்களின் நண்பர்களுக்கும் நண்பர்களின் நண்பர்களுக்கும் பாறை எப்போதும் திறந்தே இருக்கிறது. அறிமுகம் இல்லாதவருக்கு, குறிப்பாகத் துணை தேடித் தனியாக வரும் புதியவருக்கும், முன்பின் தெரியாத ஆண்கள் குழுவிடம் போய் வழி கேட்கத் தயங்கும் பெண்களுக்கும்தான் அது மூடியிருக்கிறது. இரகசியம் காக்கப்படுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம், நடப்பது சிபாரிசு. தடங்களை முதலில் திறந்தவர்கள் தங்கள் உழைப்பை எண்ணிப் பெருமை கொள்வது நியாயம். துரப்பணக் கருவியையும் கயிற்றையும் முதுகில் சுமந்துபோய், தொங்கியபடியே தளர்ந்த கற்களைத் தட்டி இறக்கி, பாசியைச் சுரண்டி ஒரு தடத்தை உருவாக்குவது விளையாட்டு வேலை இல்லை. அந்தப் பெருமையால் பாறை அவர்களுக்குச் சொந்தமாகிவிடாது.

பாறையின் வரைபடத்தை வெளியிட்டதால் தீர்மானத்துக்கு ஆளான இரு இளைஞர்களுக்கும் இந்த மடலில் சில வரிகள் உண்டு. நீங்கள் வெளியிட்ட வரைபடத்தைப் பார்த்தேன். தடங்களின் பெயர்கள், தரங்கள், கயிற்றை மாட்டப் பாறையில் துளையிட்டுப் பதிக்கும் போல்ட்களின் எண்ணிக்கை எல்லாம் துல்லியமாக இருக்கின்றன. படங்கள் அழகாக இருக்கின்றன. ஆனால் அந்த வரைபடத்தில் வண்டி எங்கே நிறுத்துவது என்பது இல்லை. வரப்புப் பாதை இல்லை. வலப்பக்கச் சுவரில் பறவை கூடு கட்டும் திட்டு இல்லை. நிலத்துக்காரரிடம் ஒரு சொல் கேட்காமல் வெளியிட்டிருக்கிறீர்கள். குழு சொல்லாமல் விட்டதால் உண்டான குறையும், நீங்கள் சொன்னதில் உள்ள குறையும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன: நிபந்தனை இல்லாத இருப்பிடம்.

போல்ட் விஷயத்தில் உங்கள் தவறு இன்னும் பெரிது. குறுக்குச் சுவரில் யாரிடமும் கேட்காமல் நீங்கள் புதிதாகப் பதித்த போல்ட்களில் ஒன்றின் மரை (நட்டு) கையால் திருப்பினாலே சுற்றுகிறது; தகடு கிலுகிலுவென்று ஆடுகிறது. பாறைக்குள் விரிந்து பிடிக்கும் வகை போல்ட் அது. துளையின் தூசியைத் தூரிகையாலும் ஊதியாலும் நன்றாக அகற்றாமல் அடித்தாலோ, பாறை மென்மையாக இருந்தாலோ, முறுக்கும்போது அது இறுகாமல் துளைக்குள்ளேயே சுழலும். ஐரோப்பியத் தரக்குறியீடான இ.என். 959, ஒரு போல்ட் பக்கவாட்டு இழுப்பில் 25 கிலோநியூட்டன் விசையையும் நேர் இழுப்பில் 15 கிலோநியூட்டன் விசையையும் தாங்க வேண்டும் என்கிறது. அந்த எண் கடைப்பெட்டியிலிருந்து எடுத்த போல்ட்டின்மேல் தானாக ஒட்டிக்கொண்டு பாறைக்குள் வந்துவிடுவதில்லை. பாறையின் தரமும் பதித்த கையும் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன. அடுத்து வருபவர் உங்கள் வரைபடத்தைப் பார்த்து, யாரோ சோதித்திருப்பார்கள் என்ற நம்பிக்கையில் அதில் விழுவார். அமெரிக்காவின் கென்டக்கியில், ரெட் ரிவர் கோர்ஜ் பகுதியில் உள்ள ரோட்சைட் கிராக் என்ற தனியார் பாறையை அதன் உரிமையாளர்கள் 2011இல் மூடினார்கள். தங்கள் விதிகளை மீறி, அனுமதியில்லாமல் அங்கே போல்ட் அடிக்கப்பட்டதும் அதற்கு ஒரு காரணம். பின்னர் அனுமதிச்சீட்டு முறையில்தான் அது திறந்தது. தாராள மனம் கொண்ட உரிமையாளருக்கே பொறுமை தீர்ந்துபோனது. நம் நிலத்துக்காரருக்கு அவ்வளவு பொறுமைகூட இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

அதற்காக, கூட்டத்தில் சிலர் சொன்னதுபோல இரவோடிரவாகப் போய் அந்தப் போல்ட்களை அறுத்தெறிவதை நான் ஏற்கவில்லை. தென் அமெரிக்காவின் படகோனியாவில் உள்ள செர்ரோ டோரே சிகரத்தில் செசாரே மாயெஸ்த்ரி என்ற பாறையேறி 1970இல் காற்றழுத்த இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டுபோய் நூற்றுக்கணக்கில் அடித்த போல்ட்களில் சுமார் 120ஐ 2012இல் இரண்டு இளம் பாறையேறிகள் இறங்கும் வழியில் அகற்றினார்கள். அடித்தது சரியா, எடுத்தது சரியா என்று உலகம் முழுக்கப் பாறையேறிகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றார்கள். உள்ளூரில் கைகலப்பு மிரட்டல்வரை போனது. நம் பாறைக்கு அந்தப் புகழ் வேண்டாம். அறுக்கப்பட்ட போல்ட்டின் அடிக்கட்டை பாறைக்குள் துருப்பிடித்துக்கொண்டு கிடக்கும், அதன் பக்கத்தில் இன்னொருவர் இன்னொரு துளை போடுவார். ஆடும் போல்ட்டை இருதரப்பும் சேர்ந்து போய்ப் பார்த்து, எடுக்க வேண்டியதை முறையாக உருவி, துளையைப் பாறை நிறத்துக்கு அடைப்பதே சரி.

பறவைக் கூட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மௌனத்தின் முழுக் கேடும் அங்கேதான் தெரிகிறது. வலப்பக்கச் சுவரின் நடுத் திட்டில் பொரி வல்லூறு என்ற வேட்டைப்பறவை கூடு கட்டுகிறது. அது சுள்ளி அடுக்கிக் கூடு கட்டும் பறவை அல்ல. பாறைத் திட்டின் மண்ணில் சிறு குழி பறித்து அதிலேயே முட்டையிடும். ஏறக்குறைய ஒரு மாதம் அடைகாக்கும், குஞ்சு பொரித்துப் பறக்க மேலும் ஆறு வாரம் ஆகும். அடைகாக்கும் நாட்களில் ஒரு பாறையேறி தொடர்ந்து அந்தத் திட்டின் அருகே தொங்கிக்கொண்டிருந்தால் தாய்ப்பறவை எழுந்து பறந்து கத்திக்கொண்டே வட்டமிடும், முட்டை குளிர்ந்துபோகும். குழுவில் உள்ளவர்கள் அந்தப் பருவத்தில் அந்தச் சுவரைத் தொடுவதில்லை, வாய்மொழியாகவே அதைக் கடைப்பிடிக்கிறோம். வெளியிலிருந்து வருபவருக்கு யார் சொன்னார்கள்? பறவை கத்துவதன் பொருள் தெரியாமல், அதைப் படம் எடுத்துக்கொண்டே ஏறுபவர்களை எத்தனை முறை கோபித்துக்கொண்டாலும் பயன் இல்லை.

பிரிட்டனில் பிரிட்டிஷ் மலையேற்ற மன்றம், எந்தப் பாறையில் எந்தப் பகுதி எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை கூடு காரணமாக விலக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பாறைவாரியாக எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுகிறது. குஞ்சுகள் சீக்கிரம் பறந்துவிட்டாலோ அந்த ஆண்டு கூடு அமையாவிட்டாலோ தடையை முன்னதாகவே நீக்கியும் விடுகிறது. விதி தேவைக்கு மேல் ஒரு நாளும் நீளாது என்று தெரிந்தால், அதை மீற மனம் வராது. வயோமிங்கின் டெவில்ஸ் டவர் பாறை அமெரிக்கப் பூர்வகுடிகள் பலருக்குப் புனிதமானது. 1995 முதல் ஜூன் மாதம் முழுவதும் அங்கே ஏற வேண்டாம் என்ற வேண்டுகோள் நடைமுறையில் இருக்கிறது. அது தடை அல்ல, தானாக முன்வந்து ஏற்பது. அது வந்ததும் ஜூனில் ஏறுவோர் எண்ணிக்கை வெகுவாகச் சரிந்தது. பிற்பாடு ஓரளவு தளர்ந்தும் இருக்கிறது. வேண்டுகோளை ஆண்டுதோறும் புதிதாக வருவோருக்கெல்லாம் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டியிருப்பதையே அது காட்டுகிறது. சொல்லாமலே விட்ட வேண்டுகோளுக்கு யார் கட்டுப்படுவார்கள்?

எல்லாவற்றையும் அச்சில் ஏற்றிவிட வேண்டும் என்பதும் என் கருத்து இல்லை. பாறைக்குப் பின்புறம் உள்ள ஓடைச் சரிவை நான் வெளியிடமாட்டேன். நீங்களும் வெளியிட வேண்டாம் என்பேன். அங்கே மண் மென்மையானது, விழுந்தால் தாங்கும் மெத்தையான கிராஷ் பேடைப் போட்டு இழுத்தாலே பாசியும் சிறுசெடிகளும் பெயர்ந்து வருகின்றன. அங்கே இன்னும் ஒழுங்கான பாதையும் இல்லை. வெளியிடும் பகுதி எது, வெளியிடாத பகுதி எது என்று பிரிப்பதற்கு ஜெர்மனியின் ஃபிராங்கன்யூரா பகுதியில் ஒரு நல்ல முறை இருக்கிறது. பாறைகளை மூன்று மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள்: முதல் மண்டலத்தில் ஏறக் கூடாது, இரண்டாவதில் ஏற்கெனவே உள்ள தடங்களில் மட்டும் ஏறலாம், புதிய தடம் கூடாது, மூன்றாவதில் நிபந்தனைகளோடு புதிய தடமும் திறக்கலாம். பாறையின் தலைப்பகுதியில் உள்ள அரிய செடிகளை மிதித்துவிடாமல் இருக்க, உச்சிக்குச் சற்றுக் கீழேயே இறங்கு வளையம் பதிப்பதும் அங்கே வழக்கம். பின்புற ஓடைச் சரிவையும் கூடு கட்டும் பருவத்தில் வலப்பக்கச் சுவரையும் முதல் மண்டலமாக்கலாம். இடப்பக்கச் சுவர் இரண்டாவது. குறுக்குச் சுவரின் மேற்குப் பாதியை மூன்றாவதாக விட்டால் புதிதாகத் தடம் திறக்க விரும்புபவர்களுக்கும் இடம் கிடைக்கும். எல்லைகளை மாற்றச் சொல்லி நீங்கள் வாதிடலாம். எல்லை இருக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

வழிகாட்டி வெளியானால் கூட்டம் இன்னும் பெருகும் என்ற வாதத்துக்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. ஓரளவு பெருகத்தான் செய்யும். ஆகவேதான் வரிசை முக்கியம் என்கிறேன். முதலில் நிலத்துக்காரரிடம் போக வேண்டும். தீர்மானத்தோடு அல்ல, அவர் என்ன சொல்கிறார் என்று கேட்க. வண்டி நிறுத்துமிடம், பாதை, நாய்களை அழைத்து வரலாமா, எத்தனை பேருக்கு மேல் ஒரே நாளில் வரக் கூடாது என்பதையெல்லாம் அவர் வாயால் கேட்டு எழுத வேண்டும். அடுத்து, கயிறு பிடிக்கும் இடத்தில் கல் அடுக்கி மண்ணை நிறுத்தி, தேய்ந்த உச்சி வளையங்களை மாற்றி, வரப்புப் பாதையின் தொடக்கத்தில் ஒரு பலகை வைக்க வேண்டும். மலம் கழிக்கப் போகிறவர்கள் ஓடையிலிருந்து எவ்வளவு விலக வேண்டும் என்பதையும் அந்தப் பலகையிலேயே கூச்சமில்லாமல் எழுதிவிடலாம். இவையெல்லாம் முடிந்த பிறகே வழிகாட்டி. நிலத்துக்காரர் முடியாது என்று சொன்னால் வழிகாட்டி இல்லை. அப்போது இளைஞர்களின் வரைபடத்தை எடுக்கச் சொல்வதற்கு நமக்கு ஒரு காரணமாவது இருக்கும், இப்போது அதுவும் இல்லை.

ஆகவே பொறுப்பாளர்களிடம் என் கோரிக்கை இது. அடுத்த கூட்டம் வரை தீர்மானத்தை நிறுத்தி வையுங்கள். கருவிகளை மறுக்கும் பகுதியை உடனே விலக்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் கயிறு இல்லாதவர் ஏறாமல் இருந்துவிடமாட்டார், பழைய கயிற்றோடு ஏறுவார். வரைபடம் வெளியிட்ட இருவரையும் அடுத்த கூட்டத்துக்கு அழையுங்கள். பாறையிலேயே நேரில் பேசி எல்லைகளைக் குறிக்கவும், போல்ட்களை ஒவ்வொன்றாகச் சோதிக்கவும் இருதரப்பிலிருந்தும் ஒரு சிறு குழு அமைக்க வேண்டும் என்று முறைப்படி முன்மொழிகிறேன். வழிமொழிய இரு உறுப்பினர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கூடு கட்டும் பருவம் தொடங்குவதற்கு முன்பாகவே இந்த முன்மொழிவை எடுத்துக்கொள்ளக் கேட்கிறேன். நிலத்துக்காரரிடம் பேச முதலில் யார் போவது என்று முடிவாகவில்லை என்றால், நான் போகத் தயார். உடன் வர பொறுப்பாளர்களில் ஒருவரும் வரைபடம் வெளியிட்டவர்களில் ஒருவரும் வேண்டும்.

இப்படிக்கு,
குழுவின் உறுப்பினர் ஒருவர்